வீணையின் குதிரையடியில் ஒரு சிறு வில்லை

நவராத்திரி வந்துவிட்டால் நம் ஆலயங்களில் அம்பிகைக்கு ஒன்பது நாளும் ஒன்பது விதமான அலங்காரம். அவற்றுள் நிறைவு நாட்களில் அமையும் கலைமகள் கோலத்தைக் காண்பதற்கென்றே தாய்மார்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவார்கள். வெண்பட்டு, வெண்டாமரை, ஒரு கையில் ஏடு, மடியில் வீணை. அந்த வீணை பெரும்பாலும் அட்டையில் வெட்டிப் பொன்னிறத் தாள் ஒட்டியதாக இருக்கும். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் பாடப் புத்தகங்களைச் சந்நிதியில் வைத்துவிட்டு வரிசையாக அமர்ந்திருக்கும் நம் தோட்டப்புறப் பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையான வீணையின் ஒலியை நேரில் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், ஆலய நிர்வாகத்தில் இருக்கும் நாம் சற்றுத் தலைகுனியத்தான் வேண்டும்.

அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வீணைக்கு மேடை கொடுக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மேடை கொடுத்தோம், மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம். ஆனால் வாசித்தது ஒருவர் காதிலும் விழவில்லை. அந்தக் கதையைத்தான் இவ்விழா மலரில் சொல்ல விரும்புகிறேன்.

வெட்டவெளி வாத்தியமும் வீட்டு வாத்தியமும்

நாதஸ்வரமும் தவிலும் வெட்டவெளிக்கென்றே பிறந்தவை. நான்கு வீதியும் சுவாமி புறப்பாடு வரும்போது ஊரின் மறுகோடியில் இருப்பவரையும் எழுப்பிக் கைகூப்ப வைப்பது அவற்றின் கடமை. உறுமி மேளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது தொடங்கினால் பக்கத்துத் தோட்டத்துக்கும் செய்தி போய்விடும். வீணை அப்படிப்பட்டதன்று. பலா மரத்தில் குடைந்த குடம், அதன் மேல் மெல்லிய பலகை, பலகையின் மேல் ஒரு சிறு குதிரை, அதன் மீது ஓடும் நான்கு வாசிப்புத் தந்திகள், பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று. விரல் நுனியில் பிறக்கும் நாதம் நான்கைந்து பாய் தூரம் போனாலே பெரிது.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்து வைத்திருந்தனர். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசித் திருவிழா நாட்களில், நம்பெருமாள் இரவில் கருவறைக்குத் திரும்பும் வேளையில் வீணை ஏகாந்தம் என்னும் சேவை நடைபெறுகிறது. மேள தாளமெல்லாம் ஓய்ந்த பின், பெருமான் பள்ளிகொள்ளப் போகும் அமைதியில் வீணைக்கு இடம். சென்னையில் வாழ்ந்த வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுன் இல்லத்தில் வாசிக்கும்போது, பெரிய வித்துவான்களே மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்து கேட்பார்களாம். இரைச்சலை அவர் பொறுத்ததில்லை. ஓர் அறை, சில பேர், பேச்சில்லாத அமைதி. வீணை கேட்ட இடம் அது.

இப்போது நம் பந்தலை நினைத்துப் பாருங்கள். தகரக் கூரை. நான்கு பெரிய காற்றாடிகள். பின்புறம் மின்னாக்கி இயந்திரம். அன்னதானக் கூடத்தில் தட்டுகளின் ஓசை. அக்டோபர் மாதமென்றால் மாலை மழை வேறு. தகரத்தின் மேல் மழை விழும்போது அர்ச்சகரின் மந்திரமே காதில் விழாது.

நம் வட்டாரம்

கோல சிலாங்கூர் என்றால் வெளியூர் அன்பர்களுக்கு நினைவுக்கு வருவது புக்கிட் மெலாவாத்தி குன்றும் கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளும்தாம். நமக்கோ இது தோட்டங்களின் பூமி. ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெரம், தஞ்சோங் காராங், இன்னும் நாம் வாய்ப் பழக்கத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் பெஸ்தாரி ஜெயா என எங்கு திரும்பினாலும் ஒரு தோட்டம், தோட்டத்துக்கொரு கோயில். இந்நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது 1917ஆம் ஆண்டு நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அதைச் செய்த பிரெஞ்சுக்காரரான ஹென்றி பொக்கோனியே, மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்காக 1930இல் தம் நாட்டின் கொன்கூர் பரிசைப் பெற்றார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. தோட்டத்தின் பெயர் தென்னமரம்; நட்டதோ செம்பனை. இது ஒரு வேடிக்கை.

அந்தத் தோட்டக் கோயில்களில் திருவிழா என்றால் முதலில் ஏறுவது கொடியன்று, ஒலிபெருக்கி! லயத்து வீடுகள் நிறைந்திருந்த காலத்தில் தென்னை மரத்தின் உச்சியில் புனல் ஒலிபெருக்கியைக் கட்டி, விடியற்காலையிலேயே சீர்காழியாரையும் டி.எம்.எஸ்ஸையும் கே.பி. சுந்தராம்பாளையும் ஒலிக்க விடுவோம். மனிதக் குரலையும் நாதஸ்வரத்தையும் அந்தப் புனல் நன்றாகவே கொண்டு செல்லும். கீழ்ஸ்தாயி ஒலிகளை அது விழுங்கிவிடும். வீணையின் மந்தரத் தந்தியை அதன் முன் வைத்தால் கிடைப்பது கொசு பறக்கும் ஓசைதான். ஒலிபெருக்கி என்றால் எல்லாவற்றையும் பெருக்கும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கைதான் எங்களைக் கெடுத்தது.

2022ஆம் ஆண்டு சரஸ்வதி பூசை

எங்கள் ஆலயத்து உபயதாரர் ஒருவரின் பேத்தி தலைநகரில் முறையாக வீணை பயின்று வந்தாள். 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி அவர்கள் கோலாலம்பூரில் நுண்கலைக் கோயிலைத் தொடங்கி வைத்த காலத்திலிருந்தே வீணை, வயலின் போன்றவற்றை இந்நாட்டிலேயே கற்கும் வாய்ப்புப் பெருகியிருக்கிறது. ஆனால் தோட்டப்புறத்திலிருந்து வாரந்தோறும் வீணையைத் தூக்கிக்கொண்டு போய்வருவது என்பது பெற்றோருக்குப் பெருந்தவம். அந்தத் தகப்பனார் தம் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே கொடுத்தவர். பிள்ளை முதன்முதலாகத் தன் சொந்த ஆலயத்தில் வாசிக்க வேண்டும் என்று 2022 அக்டோபர் 4ஆம் நாள், சரஸ்வதி பூசை இரவுக்கு ஏற்பாடாகியிருந்தது.

ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்தோம். வந்தவர் நல்லவர், ஆனால் அவர் பழகியது மெல்லிசைக் குழுக்களோடு. வீணைக்கு முன்னால் ஒரு மைக்கை நட்டார். மிருதங்கத்துக்கு ஒன்று. பெட்டிகள் இரண்டையும் மேடைக்குப் பின்னால் சுவரோரம் வைக்கச் சொன்னவன் நான்தான். முன்னால் வைத்தால் சுவாமியை மறைக்கும் என்று எண்ணினேன். பிள்ளை முதல் வர்ணத்தைத் தொடங்கினாள். பத்தாவது வரிசையில் ஒன்றும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டச் சொன்னோம். கூட்டியதும் பெட்டியிலிருந்து ஊளை கிளம்பிப் பந்தல் முழுவதும் அலறியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். குறைத்தால் மௌனம், கூட்டினால் ஊளை. இப்படியே இருபது நிமிடம். மிருதங்கம் மட்டும் கணீரென்று கேட்டது. பின்வரிசைகள் காலியாகி அன்னதானக் கூடத்துக்குப் போய்விட்டன. எங்கள் குழுவிலேயே ஒருவர் "பாட்டுப் போடலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தப் பிள்ளை தலை நிமிராமல் மங்களம் வரை வாசித்து முடித்துத்தான் எழுந்தாள். முன்வரிசையில் தரையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என் கையைப் பிடித்து, "நமக்குக் கேக்கலேன்னா என்ன தம்பி, ஆத்தாளுக்குக் கேட்டிருக்கும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது அடி விழுந்தது போல் இருந்தது. தகப்பனார் வீணையை உறையிலிட்டு வண்டியில் ஏற்றியபோது என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஊளை ஏன் கிளம்புகிறது?

மைக் என்பது காற்றில் வரும் ஒலியை வாங்கும் கருவி. வீணையின் ஒலி காற்றில் மெலிதாக வருகிறது. அதே காற்றில் மிருதங்கமும் காற்றாடியும் மின்னாக்கியும் பலமாக வருகின்றன. மைக்குக்கு இது வேண்டும், அது வேண்டாம் என்று பிரிக்கத் தெரியாது. அதற்கும் மேலாக, பெட்டியிலிருந்து வெளியேறும் ஒலியும் சுற்றி வந்து அதே மைக்கில் நுழைகிறது. நுழைந்தது மீண்டும் பெருகுகிறது. பெருகியது மீண்டும் நுழைகிறது. சுற்று நிற்காமல் ஓடுவதே அந்த ஊளை. நான் பெட்டிகளை மைக்குக்குப் பின்னால் நிறுத்தி, அவற்றின் வாயை மைக்கை நோக்கித் திருப்பி வைத்திருந்தேன். ஊளையை நானே அழைத்து உட்கார வைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்குள்ள வழி, காற்றை நம்பாமல் மரத்தை நம்புவது. தந்தியின் அதிர்வு முதலில் இறங்குவது குதிரையில், குதிரையிலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து குடத்துக்கு, அதற்குப் பிறகுதான் காற்றுக்கு. குதிரையிலோ அதன் காலடியிலோ அதிர்வை நேரடியாகத் தொட்டு வாங்கிக்கொண்டால் பந்தலின் இரைச்சல் அதில் அவ்வளவாகக் கலக்காது. இந்தத் தொடு ஒலிவாங்கியைத்தான் பிக்கப் என்றும், நம் சங்கீத உலகில் கான்டாக்ட் மைக் என்றும் வழங்குகிறார்கள்.

அதன் உயிர் ஒரு காசளவு வில்லை. அழுத்தினால் மின்சாரம் சுரக்கும் படிகப் பொருள் அது. இந்தக் குணத்தைக் கண்டறிந்தவர்கள் பிரான்ஸ் நாட்டின் பியேர் கியூரி, ஜாக் கியூரி சகோதரர்கள், ஆண்டு 1880. புரியும்படி சொல்வதானால், நம் வீட்டு எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் விசையை அழுத்தினால் 'டக்' என்று பொறி வருகிறதே, பல அடுப்புகளில் அதற்குள் இருப்பதும் இதே வகைப் படிகந்தான். அங்கே ஓங்கி அடித்தால் ஒரு பொறி. இங்கே தந்தியின் நடுக்கத்துக்கு ஏற்ப மிக மெல்லிய மின்னலைகள். 1960களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பார்கஸ், பெர்ரி என்னும் இருவர் வயலினுக்கு இத்தகைய பிக்கப்பைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பின்னர் அது உலகெங்கும் தந்தி வாத்தியங்களில் பரவியது.

"ஒயரை மாட்டினால் கிட்டார் ஆகிவிடும்"

அடுத்த ஆண்டுக்கான கூட்டத்தில் இதை நான் முன்வைத்தபோது எங்கள் மூத்த அறங்காவலர் ஒருவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "செயலாளரே, கலைமகள் கையிலே இருக்கிறது வீணை. அதற்கு ஒயரை மாட்டினால் கிட்டார் ஆகிவிடும்" என்றார். அவர் வயதுக்கும் தொண்டுக்கும் மரியாதை கொடுத்து அன்று நான் வாதிடவில்லை. ஆனால் சிந்தித்துப் பார்த்தேன்.

இன்று கர்நாடக இசைக் கச்சேரியில் பக்கத்தில் அமராத நாளே இல்லை என்னும் வயலின், ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதைக் கையிலெடுத்து நம் இசைக்குப் பழக்கினார்கள். 1979இல் பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் குழலிசைக் கலைஞருமான ராஜ் நாராயண் மின்னணுச் சுருதிப் பெட்டியைச் செய்தார்; இன்று அவ்வகைப் பெட்டி இல்லாத பஜனை மடம் அரிது. மாண்டலின் ஸ்ரீநிவாஸை (1969–2014) எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மாண்டலினில் மீட்டிய ஒலி உடனே மடிந்துவிடும், கமகத்துக்கு இடமிராது. மின் மாண்டலினைக் கொண்டு அதே கருவியில் ராகத்தை விரித்துக் காட்டிய பிள்ளை அவர். அவரை வித்துவான் அல்லர் என்று யாரும் சொல்லத் துணியவில்லை.

ஆயினும் எங்கள் அறங்காவலர் சொன்னதில் பாதி உண்மை என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2023இல் குழுவின் அனுமதி பெற்று ஒரு பிக்கப் வாங்கினோம். ஒட்டினோம். நீண்ட கம்பியை நேராக ஒலிக்கலப்புக் கருவியில் சொருகினோம். ஊளை போய்விட்டது, உண்மை. ஆனால் வந்தது வீணையன்று. தகர டப்பாவில் கம்பியைக் கட்டி மீட்டியது போன்ற ஓசை. கீழ்த்தந்திகள் காணாமல் போயின. கூடவே ஈ மொய்ப்பது போல் ஓர் 'உம்' சத்தம். மேடையில் அதே பிள்ளைதான்; இரண்டாம் ஆண்டும் அவளுக்கு இந்தச் சோதனை. அவளுக்கு வீணை கற்பிக்கும் ஆசிரியை அம்மையார் அன்று நேரில் வந்திருந்தார். கச்சேரி முடிந்ததும் அவர் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, பாதி வழி வந்துவிட்டீர்கள். மீதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று எங்கள் அலுவலக அறையில் அமர்ந்து பொறுமையாக விளக்கினார். கீழே வருவதில் பெரும்பகுதி அவரிடம் கற்றது.

மீதி வழி

அந்த வில்லை சுரக்கும் மின்சாரம் மலைப்பாறையில் கசியும் ஊற்றைப் போன்றது. அழுத்தம் உண்டு, அளவு இல்லை. அதன் வாயில் பெரிய குழாயை இணைத்தால் வந்தது தெரியாமலே போய்விடும். முதலில் ஒரு சிறு தொட்டியில் தேக்க வேண்டும். ஒலிக்கலப்புக் கருவியின் மைக் வாயில் சில ஆயிரம் ஓம் மின்தடைக்கு அமைந்தது. வில்லைக்கோ குறைந்தது பத்து இலட்சம் ஓம் வேண்டும். பொருந்தாத இடத்தில் சொருகினால் முதலில் சாவது மந்தர ஒலிகள். எங்கள் வீணைக்கு நேர்ந்தது அதுதான். இடையே பிரீ ஆம்ப்ளிபயர் என்னும் கையளவுப் பெட்டி வேண்டும். ஒன்பது வோல்ட் மின்கலத்தில் இயங்கும் பெட்டி போதும். வில்லையிலிருந்து பெட்டி வரையுள்ள கம்பி குட்டையாக இருக்கட்டும்; பெட்டியிலிருந்து ஒலிக்கலப்புக் கருவி வரை எவ்வளவு நீளமானாலும், மைக்குகளுக்குப் பயன்படும் மூன்று ஊசிக் கம்பியாகப் போகட்டும். 'உம்' சத்தத்தில் பெரும்பங்கு இதிலேயே அடங்கிவிடும். மீதமிருந்தால் மின்னாக்கியின் நிலத்தொடுப்பைப் பார்க்க வேண்டும். அது ஒலிக்காக மட்டுமன்று, உயிருக்காகவும்.

எங்கே ஒட்டுவது என்பதில்தான் கைவண்ணம் இருக்கிறது. குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டில் ஒட்டினால் கூர்மையாகக் கீச்சிடும். குடத்துப் பலகையில் குதிரையின் காலுக்கு அருகே ஒட்டினால் ஒலி உருண்டு வரும். காலிலிருந்து விலக விலக மந்தம் கூடும். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் வேறு வீணையாகிவிடும். தாளத் தந்திகளுக்குரிய பக்கக் குதிரையை நெருங்கக் கூடாது. நெருங்கினால் ராகத்தை மீறித் தாளத் தந்திகளே பந்தலை ஆளும். ஒட்டுவதற்குப் பசை கூடவே கூடாது. வீணையின் மெருகு உரிந்துவிட்டால் பிறகு யார் பதில் சொல்வது? எளிதில் எடுக்கக்கூடிய மெழுகுப் பசையை மெல்லியதாகத் தடவி அழுத்தினால் போதும். பசை தடித்தால் மேல்ஸ்தாயி மழுங்கும். சாயங்காலம் ஒருவர் வாசிக்க, ஒருவர் வில்லையை நகர்த்த, இன்னொருவர் பந்தலின் கடைசி வரிசையில் நின்று கேட்க வேண்டும். அரைமணி நேரம் பிடிக்கும். அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்க மனமில்லாத ஆலயம் பிக்கப் வாங்கிப் பயனில்லை.

இனி, அறங்காவலர் சொன்ன பாதி உண்மை. வில்லை கேட்பது மரத்தின் நடுக்கத்தை. நாம் வீணை என்று அறிவதோ மரமும் காற்றும் கலந்த நாதத்தை. வில்லை மட்டும் பேசினால் மெட்டில் விரல் உரசுவதும் மீட்டும் நகத்தின் 'டிக்' ஒலியும் பெரிதாகி, குடத்தின் குழைவு குறைகிறது. ஆகவே ஆசிரியை அம்மையார் சொன்ன வழி, இரண்டையும் கலப்பது. உடம்புக்கு வில்லை, உயிருக்கு மைக். வில்லையின் ஒலியை முதலில் கடைசி வரிசை வரை நிரப்பிக்கொண்டு, குடத்துக்கு அருகே வைத்த சிறு மைக்கைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். வீணை 'வீணையாகும்' இடத்தில் நிறுத்திவிட வேண்டும். சேர்த்த பிறகு ஒலி பெருகுவதற்குப் பதில் மெலிந்தால், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்று பொருள். பிரீ ஆம்ப்ளிபயரில் அதைத் திருப்புவதற்கென்றே ஒரு விசை இருக்கும், தட்டிவிட்டால் சேர்ந்துகொள்ளும். கலைஞருக்கும் மிருதங்கக்காரருக்கும் முன்னால் வைக்கும் சிறு பெட்டிக்கு வில்லையின் ஒலி மட்டும் போனால் போதும். அங்கிருந்துதான் பெரும்பாலும் ஊளை பிறக்கிறது.

வயலினைப் பற்றி ஒரு சொல். வயலின் குதிரை மெலிந்தது. அதன் மேல் கனமான எதையும் மாட்டக் கூடாது. மேல்நாட்டு வாத்தியக் குழுக்களில் வயலின் ஒலியை அடக்குவதற்காகவே குதிரையின் மேல் ஒரு சிறு கட்டையைப் பொருத்தும் வழக்கம் உண்டு. பிக்கப் கனமாக இருந்தால் அதே வேலையைச் செய்துவிடும். ஒலியைப் பெருக்கப் போய் ஒலியை அடக்கிய கதையாகும். குதிரையின் பக்கவாட்டுப் பிளவில் செருகும் இலேசான வகை நல்லது. அதையும் வயலின் வாசிப்பவரே தம் கையால் பொருத்த வேண்டும்.

யாழுக்குப் பொற்பலகை

கடலோர வட்டாரத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஈரம். மழைக்காலத்தில் பிரடைகள் ஊறி இறுகிக்கொள்ளும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வீணையை வைத்தாலோ மெட்டுகளைத் தாங்கும் மெழுகு இளகி, இருபத்து நான்கு மெட்டுகளும் இடம் பெயரும். பிக்கப்பின் தொடுப்புகளில் பச்சை படியும். மின்கலத்தைப் பெட்டிக்குள்ளேயே ஓராண்டு விட்டால் ஒழுகிவிடும். நாங்கள் ஒரு பெட்டியை அப்படித்தான் இழந்தோம்.

இதைப் பேசும்போதெல்லாம் எனக்குப் பெரியபுராணத்தில் வரும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு நினைவுக்கு வருகிறது. திருஞானசம்பந்தப் பெருமானின் பதிகங்களை யாழில் இட்டு வாசித்த அடியவர் அவர். மதுரைத் திருக்கோயிலில் சோமசுந்தரக் கடவுளின் திருமுன் அவர் தரையில் அமர்ந்து வாசித்தபோது, தரையின் குளிர்ச்சி பட்டால் யாழின் நரம்பு தளர்ந்துவிடும் என்று இறைவனே அசரீரியாக அருளி, அவருக்குப் பொற்பலகை இடச் செய்தாராம். இக்கதையை நாம் பக்தியின் பெருமையாகவே கேட்டிருக்கிறோம். நான் இப்போது ஆலயச் செயலாளராகவும் கேட்கிறேன். வாசிக்க வந்தவரின் கருவிக்கு என்ன வேண்டும் என்று பார்த்துச் செய்தவர் சாட்சாத் ஆலவாய் அண்ணலே! வாடகைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று அவர் விட்டுவிடவில்லை.

எங்களால் பொற்பலகை இட முடியாது. ஓர் அடி உயர மரமேடை செய்து, மேலே கம்பளம் விரித்திருக்கிறோம். ஈரம் ஏறாது, தரையில் நடப்பவர்களின் காலடி அதிர்வும் வில்லையில் விழாது.

உபயம்

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் உபயதாரர் ஒருவர் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டு வாங்கித் தர முன்வந்தார். ஆளுயரப் பெட்டிகள், முகப்பில் அவர் குடும்பத்தின் பெயரைப் பொன்னெழுத்தில் எழுதலாம். அவரிடம் போய், "ஐயா, அது வேண்டாம், ஒரு வில்லையும் கையளவுப் பெட்டியும் கம்பியும் வாங்கித் தாருங்கள். அந்தப் பெட்டிகளின் விலையில் சிறு பங்குகூட ஆகாது" என்றேன். அவர் வில்லையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதிலே உபயம் என்று எங்கே எழுதுவீர்கள்?" என்று கேட்டார். குழல் விளக்கில்கூடப் பெயர் எழுதிப் பழகிய நமக்கு அது நியாயமான கேள்விதான். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்துவிட்டு வாங்கித் தந்தார். மரமேடையின் பக்கப் பலகையில் அவர் பெயரை எழுதியிருக்கிறோம்.

இதனால் இன்னொரு நன்மையும் கிட்டியது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. முன்பெல்லாம் வீணை கேட்க வேண்டுமென்று ஒலியை முழுவதுமாகத் திருகி வைப்போம். இப்போது பாதி அளவே போதுமானதாக இருக்கிறது. எங்கள் ஆலயத்துக்கு அருகே பள்ளிவாசல் உண்டு. அவர்களின் இரவுத் தொழுகை முடிந்த பிறகே கச்சேரியைத் தொடங்குவது எங்கள் வழக்கம். ஒலியும் அடக்கமாகிவிட்டதில் அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் மகிழ்ச்சி.

2024 அக்டோபர் 11ஆம் நாள், சரஸ்வதி பூசை இரவு, அதே பிள்ளை மூன்றாம் முறையாக மேடையேறினாள். உண்மையைச் சொன்னால், அவள் வர ஒப்புக்கொண்டதே பெரிது. தகப்பனாரை அழைக்க நான் இரண்டு முறை அவர் இல்லத்துக்குப் போனேன். முதல் முறை தேநீர் மட்டும் கிடைத்தது. அன்று மாலை மழை விட்டிருந்தது. முதல் மீட்டலிலேயே அன்னதானக் கூடத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த இளைஞர்கள் கையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அனுமந்தரத் தந்தி தகரக் கூரையின் கீழ் உருண்டு போனதை நான் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். பக்கத்தில் அந்த அறங்காவலர் நின்றிருந்தார். ஒரு ராகம் முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மைக்கை இன்னும் கொஞ்சம் சேர்க்கச் சொல்லுங்கள், குடம் குறைகிறது" என்றார். சரியாகத்தான் சொன்னார். சேர்க்கச் சொன்னேன். அன்று முதல் எங்கள் ஆலயத்தில் கலப்பைக் கேட்டு ஒப்புதல் தருபவர் அவரே.

முன்வரிசையில் அமர்ந்து எனக்கு ஆறுதல் சொன்ன மூதாட்டி அந்த ஆண்டு இல்லை. தைப்பூசத்துக்கு முன்பே காலமாகிவிட்டார்.

வட்டாரத்தின் மற்ற ஆலய நிர்வாகத்தினர் எவரேனும் வீணை, வயலின் நிகழ்ச்சி வைக்க விரும்பினால் எங்களிடமுள்ள பெட்டியையும் கம்பிகளையும் இரவலாகக் கொண்டு போகலாம், வாடகை இல்லை. மின்கலம் மட்டும் புதியதாக நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும், விழா முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். வில்லையைத் தருவதற்கில்லை. அது அந்தப் பிள்ளையின் வீணைக்கென்று பழகிவிட்டது.

இவ்வாண்டும் சரஸ்வதி பூசையன்று இரவு எட்டரை மணிக்கு, மகா தீபாராதனைக்குப் பின் வீணை இசை நடைபெறும். அன்று மாலை ஐந்து மணிக்கு ஒலிச் சோதனை. அந்த அரைமணி நேரம் மட்டும் பந்தலில் நாற்காலிகளை இழுக்காமலும், மின்னாக்கியின் அருகே யாரும் போகாமலும் இருக்குமாறு இளைஞர் பிரிவு அன்பர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.